கத்திரி வெயிலைத் தாண்டும் செர்ரி இறால்

கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் செர்ரி இறால் வாங்க நல்ல மாதம் மார்கழி. பங்குனியில் கடைத் தொட்டியில் சிவப்பாக மினுங்குவதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தால், கத்திரி முடியும்போது தொட்டியில் பாசி மட்டும்தான் மிஞ்சும். வளர்ப்பவர் கைப்பக்குவத்தில் குறை என்று சொல்வதற்கில்லை. நாள் பார்த்துத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். இந்த இறாலின் பூர்வீகம் தைவான், சீனப் பக்கத்து ஓடைகள். 22 முதல் 26 டிகிரி வரை சுகமாக இருக்கும். 28 வரை முட்டை தங்கும். 30-ஐத் தாண்டினால் சினையை உதறத் தொடங்கும். 32-க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் ஒவ்வொன்றாகச் சாயும். செட்டிநாட்டில் இந்தக் கணக்கு எந்த மாதம் உதைக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரைப் பிடித்துவைத்து, தொட்டியையும் இறால் இல்லாமல் ஓடவிட்டு, மார்கழியில் இறாலை இறக்க வேண்டும். மாசியில் முதல் குஞ்சுகள் வந்துவிடும். கத்திரி வரும்போது அவற்றுக்கு இரண்டரை மாத வயது. பிறந்ததே நம் வீட்டுத் தண்ணீரில் என்பதால், பார்சலில் குலுங்கி வந்த பெரிய இறால் தாங்காத சூட்டைக்கூட அவை ஓரளவு தாங்கும். இறாலின் ஆயுள் ஒன்றிலிருந்து இரண்டு வருடம்தான். கடையில் நல்ல நிறத்தோடு பெரிதாக நிற்பது அதில் பாதியை முடித்திருக்கலாம். வாங்கும்போது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உள்ள இளசுகளாகப் பொறுக்கி வாங்குவது நல்லது.

இனத்தை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். செர்ரி, ப்ளூ ட்ரீம், மஞ்சள், ஆரஞ்சு என்று விற்பதெல்லாம் நியோகாரிடினா என்ற ஒரே சாதி. நம் ஊருக்கு இதுதான் தோது. கிரிஸ்டல் ரெட் என்று சிவப்பும் வெள்ளையுமாக வரிபோட்டு வருவது காரிடினா. அதற்கு அமிலத் தண்ணீர் வேண்டும், தனி மண் வேண்டும், 24 டிகிரியைத் தாண்டாமல் நீரைக் குளிர்விக்கும் சில்லர் என்ற கருவி வேண்டும். அந்தச் செலவும் கரண்ட் பில்லும் தாங்கும் என்பவர்கள் இறங்கலாம். அமானோ இறால் பாசியை நன்றாகத் தின்னும், ஆனால் அதன் குஞ்சு உப்பு கலந்த நீரில்தான் பிழைக்கும். வீட்டுத் தொட்டியில் பெருகாது. செர்ரிக்கு அந்தத் தொல்லை இல்லை. முட்டையிலிருந்து வரும்போதே இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் முழு இறாலாக வந்து நிற்கும்.

இனி தண்ணீர். பாதிக்கு மேல் தோல்வி இங்கேதான் தொடங்குகிறது. காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரின் பேர் எல்லோருக்கும் தெரிந்தது. நான்கு தெரு தள்ளிப் போட்ட ஆழ்துளைக் கிணறு அப்படி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி முதலில் நம் வீட்டுத் தண்ணீரை அளக்க வேண்டும். செர்ரிக்கு 180 முதல் 280 வரை இருந்தால் போதும். கிணறு 900 காட்டுகிறது, மழைநீர் 20 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் வாளிக்கு நாலரை லிட்டர் கிணற்று நீர், மிச்சம் பதினைந்தரை லிட்டர் மழைநீர். கலந்து அளந்தால் 218 வரும்.

ஆனால் டி.டி.எஸ். மொத்த உப்பைத்தான் சொல்லும், அது என்ன உப்பு என்று சொல்லாது. கரிப்பான தண்ணீரில் சோடியம் உப்பே அதிகமாக இருக்கலாம். இறாலுக்கு வேண்டியது கால்சியமும் மெக்னீசியமும். ஓடு கட்டுவதே அதனால்தான். சொட்டு மருந்து சோதனைப் பெட்டியில் ஜி.எச். (கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த மொத்தக் கடினத்தன்மை) 6 முதல் 10, கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) 2 முதல் 6 வரை வர வேண்டும். பெட்டி கிடைக்காவிட்டால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை என்று மில்லிகிராமில் வரும் எண்ணை 17.9-ஆல் வகுத்தால் ஜி.எச். கிடைக்கும். கலந்த நீரில் 107 முதல் 179 மில்லிகிராம் இருந்தால் சரி என்று வைத்துக்கொள்ளலாம். கலந்தபின் ஜி.எச். குறைவாகவும் டி.டி.எஸ். சரியாகவும் இருந்தால், அந்தக் கிணற்றை விட்டுவிட வேண்டியதுதான். மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ இறாலுக்கென்று விற்கும் தாது உப்பைக் கரைத்துப் பயன்படுத்த வேண்டும்.

மழைநீர் பிடிப்பது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தில் வந்து கொட்டுகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். கொட்டும் நீரை அண்டாவில் பிடிப்பதும் பழைய வழக்கம். அந்த அண்டாதான் இறாலுக்கு எமன். செம்பும் பித்தளையும் மனிதனுக்கு நல்லதாக இருக்கலாம். நீரில் இறங்கும் தாமிரம் இறாலுக்கு நஞ்சு. தகரக் கூரையில் வழியும் நீரில் துத்தநாகம் வரும், அதுவும் ஆகாது. ஓட்டுக் கூரை அல்லது காரைத் தளத்து நீரை, முதல் கால் மணி நேர மழையை விட்டுவிட்டு, உணவுக்கான பிளாஸ்டிக் டிரம்மில் பிடிக்க வேண்டும். முதல் மழை புறா எச்சத்தையும் தூசியையும் அடித்துக்கொண்டு வரும். இரண்டு அடித் தொட்டிக்கு ஒரு வருடத் தேவைக்கு 200 லிட்டர் டிரம் இரண்டு இருந்தால் நெருக்கடி இராது. குழாய் நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் காற்று விட்டு வைக்க வேண்டும், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட வேண்டும்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை 56 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, கல்லும் போட்டால் 45 லிட்டர் நிற்கும். இதைவிடச் சின்னதில் சூடு சட்டென்று ஏறி இறங்கும். கரையாத கருப்புக் கல்லோ மணலோ ஒன்றரை அங்குலம் போதும். தரை கருப்பாக இருந்தால் சிவப்பு அழுத்தமாகத் தெரியும். வெள்ளைத் தரையில் இறால் தானே வெளிறிக்கொள்ளும். சலவைக்கல் சில்லு போட்டால் கே.எச். ஏறிக்கொண்டே போகும். ஃபில்டருக்கு, ஏர் பம்பால் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மோட்டார் வைத்த ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரிலோ குஞ்சு அதன் மேலேயே உட்கார்ந்து மேயும். நுண்ணிய துளையுள்ளதாகப் பார்த்து வாங்கி, ஏர் ட்யூபில் ஒரு பக்கம் மட்டுமே வழிவிடும் செக் வால்வ் போட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போகும் நேரத்தில் தண்ணீர் பின்னோக்கி ஏறிப் பம்பைக் கெடுத்துவிடும்.

எங்கே வைப்பது என்பதில் பழைய வீட்டுக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். வளவை (முற்றத்தைச் சுற்றிய கட்டை) ஒட்டிய உள்ளறை, தடித்த சுவர், தரையோடு ஓரடி உயர ஸ்டாண்ட். வெயில் படாது, சுவரும் சீக்கிரம் சுடாது. புதிதாக எழுப்பிய கான்கிரீட் மாடி அறை மிக மோசமான இடம். ராத்திரி பத்து மணிக்கும் தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். தொட்டியும் தண்ணீரும் சேர்ந்து எழுபது கிலோ வரும், ஸ்டாண்ட் அதற்கேற்றபடி இருக்கட்டும். கீழே ஆத்தங்குடிக் கல் என்றால் ஒரு ரப்பர் பாய் போட்டுவிடுங்கள். சொட்டும் தண்ணீர் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுப் போட்டு, பிறகு எவ்வளவு தேங்காயெண்ணெய் தேய்த்தாலும் பழைய பளபளப்பு வராது.

தொட்டியை நிரப்பி, ஜாவா மாஸ் என்ற பாசிச் செடி, கொஞ்சம் மிதக்கும் செடி, காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று போட்டு, காற்றை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். நம் தெருக்களில் பாதாம் மரம் என்று சொல்வோமே, அதன் இலைதான். மரத்திலேயே பழுத்து விழுந்து, பழுப்பாகக் காய்ந்ததை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். பச்சை இலை கூடாது. இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டால் அது அழுகி அமோனியா வரும், அதைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேறும். ஆறு வாரம் ஆகும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20-க்குள் என்று சோதனையில் வந்த பிறகும் இரண்டு வாரம் பொறுத்தால் இன்னும் நல்லது. கண்ணாடியில் தொட்டால் வழவழவென்று ஒரு படலம் வந்திருக்கும். குஞ்சுக்கு முதல் இரண்டு வாரச் சாப்பாடு அதுதான். பளிச்சென்று துடைத்து வைத்த தொட்டியில் குஞ்சு பட்டினியால் சாகிறது என்பதைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள்.

இறால் மதுரையிலிருந்தோ சென்னை கொளத்தூரிலிருந்தோ வரும். ராத்திரி கிளம்பி விடியலில் சேரும்படி வரவழையுங்கள். 15 முதல் 20 எண்ணிக்கை வேண்டும்; ஐந்தாறு வாங்கினால் எல்லாமே ஒரே பாலாக அமைந்துவிடும் அபாயம் உண்டு. பையைத் திறந்து வாளியில் ஊற்றி, ஏர் ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நொடிக்கு இரண்டு சொட்டு வீதம் விட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் வாளி நீர் மூன்று மடங்காகிவிடும். இரண்டு டி.டி.எஸ்.-ஸும் ஒத்துப்போனதும் வலையால் எடுத்து விடலாம். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம்.

பெண் பெரிதாக, வயிறு வளைந்து, நிறம் அடர்ந்து இருக்கும். ஆண் ஒல்லி, வெளிறல். பெண்ணின் பிடரியில் ஓட்டுக்குள்ளே மஞ்சளாக ஒரு சேணம் மாதிரித் தெரிந்தால் சினைப்பையில் முட்டை முதிர்கிறது என்று பொருள். அது ஓடு கழற்றும் நாளில் நீரில் ஒரு வாசனையை விடும். தொட்டியே கலங்கிப் போகும். அதுவரை பாசியைக் கொறித்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் கண்ணாடிக்குக் கண்ணாடி மோதிக்கொண்டு வெறிபிடித்த மாதிரி நீந்தும். இதைப் பார்த்து அமோனியா ஏறிவிட்டதென்று பதறிப் பாதித் தண்ணீரை மாற்றுபவர்கள் உண்டு. மறுநாள் காலையில் வாலடியில் இருபது முப்பது முட்டையோடு ஒரு பெண் பாசிக்குள் ஒளிந்திருக்கும். நீந்து காலால் அந்த முட்டைகளை விசிறிக்கொண்டே, ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டித் துடைத்துக்கொண்டே இருக்கும். 25, 26 டிகிரியில் மூன்றிலிருந்து நான்கு வாரத்தில் பொரியும். கடைசி இரண்டு மூன்று நாளில் முட்டைக்குள் இரண்டு கருப்புப் புள்ளி தெரியும், அது கண். முதல் சினையை இளம்பெண் உதறிவிட்டால் கவலைப்பட வேண்டாம், அடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

கழற்றிப் போட்ட ஓட்டைச் செத்த இறால் என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஓடு கண்ணாடி மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாமல், பிடரியில் வெடித்திருக்கும். செத்த இறால் வேகவைத்தது போலப் பால்நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். ஓடு அங்கேயே கிடக்கட்டும், மற்றவை தின்று கால்சியத்தைத் திருப்பிக்கொள்ளும். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் வெள்ளையாக வளையம் கட்டிச் செத்தால் அது ஓடு கழற்ற முடியாமல் போனது. காரணம் இரண்டில் ஒன்று: ஜி.எச். குறைவு, அல்லது ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் மாற்றியது. வாரம் 10 சதவீதம், அதாவது நாலரை லிட்டர் போதும். அதையும் சொட்டுச் சொட்டாக உள்ளே விட வேண்டும். உறிஞ்சும் குழாய் முனையில் பழைய நைலான் துணி கட்டிக்கொண்டால் குஞ்சு வாளிக்குப் போகாது.

தீனி குறைவாகப் போடுவதுதான் நல்ல தீனி. இருபது இறாலுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், மிளகளவு. இரண்டு மணி நேரத்தில் மிஞ்சுவதை எடுத்துவிட வேண்டும். வீட்டு மரத்து முருங்கைக் கீரையை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்துப் போட்டால் காம்பு மட்டும் மிச்சமாகும். சந்தைக் கீரையில் மருந்தடித்திருந்தால் ஒரே ராத்திரியில் தொட்டி காலி. வீட்டில் பெரியவர்கள் குனிந்து பார்த்து, “இத வறுத்தா ஒரு கரண்டியாச்சும் தேறுமா?” என்பார்கள். தேறாது, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வளராத சாதி.

பங்குனி பிறந்ததும் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணி கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்றுப் படும்படி சின்ன மின்விசிறி வைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் 12 வோல்ட் விசிறியே போதும். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும்; வறண்ட கோடைக் காற்றில் மூன்று டிகிரி வரை இறங்கும். மழை மூட்டத்தில், காற்றில் ஈரம் இருக்கும் நாளில், ஒரு டிகிரி இறங்கினாலே பெரிது. இதில் ஒரு கண்ணி உண்டு. விசிறி வைத்தால் நாளைக்கு ஒரு லிட்டர் வரை வற்றும். வற்றுவது வெறும் நீர், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அந்த ஒரு லிட்டரை 900 காட்டும் கிணற்று நீரால் ஈடுகட்டினால் 45 லிட்டர் தொட்டியில் தினமும் 20 ஏறும். ஒரு மாதத்தில் 600. கோடையில் சூட்டால் செத்தது என்று நினைப்பதில் எத்தனையோ இந்த உப்பால் செத்தவை. வற்றியதை மழைநீரால் மட்டுமே, அல்லது ஆர்.ஓ. நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். ஐப்பசியில் டிரம் நிரப்பச் சொன்னது இதற்குத்தான்.

ஐஸ் பாட்டிலை நம்பிக் காலத்தை ஓட்ட முடியாது. அரை லிட்டர் ஐஸ் இந்தத் தொட்டியை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் இறக்கும், உருகியதும் சூடு திரும்பிவிடும். ஏறி இறங்கும் சூடு நிலையான சூட்டைவிடக் கெடுதல். கரண்ட் இல்லாத நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போகும் கரண்ட் சாயங்காலம்தான் வரும்; மின்தடை அறிவிப்பைப் பார்த்து பேட்டரி ஏர் பம்பைத் தயாராக வைக்க வேண்டும். 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். சூடு ஏறும்போது இறாலுக்கு மூச்சு அதிகம் தேவை, நீரிலோ கையிருப்பு குறைவு. அந்த மாதங்களில் காற்றைக் கூட்டி, தீனியைப் பாதியாக்குவது வழி.

சூட்டுக்கு அடுத்த எதிரி கொசு மருந்து. கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் திரவம், எறும்புச் சாக்பீஸ் எல்லாவற்றிலும் இருப்பது பைரித்ராய்டு வகை. மீன் தாங்கும் அளவுகூட இறாலைக் கவிழ்த்துவிடும். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது என்பதை மறக்கக் கூடாது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை மட்டும். தெருவில் புகை மருந்து அடிக்க வந்தால் கதவைச் சாத்தி, பம்பை அரை மணி நேரம் நிறுத்திவையுங்கள். தொட்டிகளில் கொசுப்புழு மருந்து விட வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “அக்கா, இந்த டிரம்ல மட்டும் மருந்து ஊத்தாதீங்க, இறாலுக்கு வச்சிருக்கேன், துணி கட்டி மூடித்தான் இருக்கு.” கேட்டுக்கொள்வார்கள். ஆனால் துணி நிஜமாகவே இறுகக் கட்டியிருக்க வேண்டும். திறந்த டிரம்மில் புழு நெளிந்தால் அவர்கள் ஊற்றுவதுதான் நியாயம்.

கண்மாய், ஊரணிப் பாசியை எடுத்து வந்து போடும் ஆசை வேண்டாம். வயல் மருந்து ஒரு பக்கம். தட்டான் குஞ்சு இன்னொரு பக்கம். ஒரு தட்டான் குஞ்சு பாசிக்குள் உட்கார்ந்து தினம் ஒன்றிரண்டு இறாலைத் தின்றுகொண்டிருக்கும், எண்ணிக்கை ஏன் குறைகிறது என்றே புரியாது. முக்கோணத் தலையோடு கண்ணாடியில் வழுக்கிப் போகும் வெள்ளைப் புழு பிளனேரியா. தீனி மிஞ்சும் தொட்டியில்தான் பெருகும், குஞ்சைத் தின்னும். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபென்பெண்டசோல் 150 மில்லிகிராம் மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்கைப் பொடித்துக் கரைத்து 45 லிட்டருக்கு விட்டால் இரண்டு மூன்று நாளில் அடங்கும். நெரைட், ஆப்பிள் நத்தை இருந்தால் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். செத்த புழுவை உறிஞ்சி எடுக்காவிட்டால் அமோனியா ஏறும்.

சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒரே தொட்டியில் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தலைமுறையில் எல்லாம் கலந்து, ஓடையில் இருந்த பழைய பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம். வெளிறியதையும் பழுப்பானதையும் மாதம் ஒரு தடவை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால் அடுத்த தலைமுறை அழுத்தமாக வரும்.

வருடம் திரும்பும்போது கூட்டம் நூறைத் தாண்டியிருக்கும். கேட்பவர்களுக்குக் கொடுக்கும்போது முதல் நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். வழியில் கழிவு சேராது. ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தொட்டி நீர், பிடித்துத் தொங்க ஒரு கொத்து ஜாவா மாஸ், பத்து இறால், மேலே காற்று. சினை இறாலைப் பயணத்தில் விட வேண்டாம். ராத்திரி ரயிலோ ஏசி பஸ்ஸோ என்றால் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால் போதும். பகல் பயணம் என்றால் தைக்கு மேல் அனுப்பாமல் இருப்பதே நல்லது.